ஓவியர் குறிப்பு, நானூறு சொற்களுக்கு மிகாமல்

பெயர் மீ. சீனி ஜுலைகா. ஊர் மண்டபம்.
சீனி குடும்ப வழக்கம், இனிப்பு அல்ல.
வளரும் ஓவியர்களுக்கான போட்டி என்று போட்டிருக்கிறீர்கள்.
வயது இருபத்து நாலு,
ஐந்தடி ஒன்றில் நின்றுபோனேன்.

இதற்கு முன் வெளியான படைப்புகள் என்ற கட்டத்தில்
இல்லை என்று எழுதியிருக்கிறேன்.
ஒரு சந்தேகம் மட்டும்.
இறால் கம்பெனியில் எனக்குக் கணக்கு எழுதும் வேலை.
தெர்மாகோல் பெட்டி மூடியில் கிலோவை எழுதிய பிறகு
மார்க்கரில் மை மிச்சமிருந்தால்
ஒரு நண்டு, ஒற்றைச் செருப்பு, சூப்பர்வைசரின் மூக்கு.
எல்லாம் ஐஸோடு கொச்சிக்குப் போயிருக்கின்றன.
யாரும் திருப்பி அனுப்பியதில்லை.
அது வெளியீட்டில் சேருமென்றால்
என்னை இப்போதே நீக்கிவிடலாம்.

நீங்கள் கொடுத்த கதை பன்னிரண்டு பக்கம்.
மலையூர்ச் சிறுமி மிட்டு முதன்முதலாகக் கடல் பார்க்கிறாள்.
கடல் என்று ஒருமையில் இருக்கிறது.
எங்களுக்கு இரண்டு.
தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் வடகடல்,
அந்தப் பக்கம் தென்கடல்.
ஒன்று கொந்தளிக்கும் மாதத்தில் மற்றது
கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி கிடக்கும்.
எதை வரைய என்று கேட்டு மெயில் போட்டேன்.
அது ஓவியரின் சுதந்திரம் என்று பதில் வந்தது.
ஆகவே இடப்பக்கமெல்லாம் வடகடல்,
வலப்பக்கமெல்லாம் தென்கடல்,
நடுவே தையல் விழும் இடத்தில் தண்டவாளம்.
நீலம் ஒத்துப்போகவில்லையே என்று
அச்சகத்தில் யாரும் திருத்திவிட வேண்டாம்.

ஏழாம் பக்கம்தான் படுத்திவிட்டது.
"கடலைக் கண்டதும் மிட்டு வாயைப் பிளந்து நின்றாள்."
இங்கே கடலைப் பார்த்து யாரும் வாய் பிளப்பதில்லை.
கொட்டாவி உண்டு.
பதினோரு முகம் போட்டுக் கிழித்தேன்,
அத்தனையும் பல் டாக்டரிடம் வந்த பிள்ளைகள்.

போன மாதம் ஒரு ஞாயிறு
அரியமானில் போய் உட்கார்ந்தேன்,
மடியில் நோட்டு, பையில் முறுக்கு.
கரூர் பஸ் ஒன்று வந்து நின்றது.
இறங்கியவர்கள் போனை உயர்த்திக்
கடலுக்கு முதுகு காட்டினார்கள்.
கடைசியாக ஒரு பொடியன்,
ஒரு ஷூ காலில், ஒரு ஷூ கையில்.
பார்த்தான். வாயைத் திறக்கவில்லை.
அப்புறம் திரும்பி அம்மாவிடம் கோபமாக,
"இத்தன தண்ணிய யாரும்மா தொறந்து விட்டது?"

அவர்கள் தெருவில் குழாயில்
பத்து நாளைக்கு ஒருமுறைதான் வருமாம்.
அந்த அம்மா என் முறுக்கைத் தின்றுகொண்டே சொன்னார்.

அதனால் ஏழாம் பக்கத்தில் மிட்டு
மணலில் மண்டியிட்டுக் குழாயைத் தேடுகிறாள்,
மூடுவதற்கு.
உங்கள் வரியைத் தொடவில்லை.
வரி பாட்டுக்கு வரி சொல்லட்டும்,
அவள் பாட்டுக்கு அவள் தேடட்டும்.

பத்தாம் பக்கத்தில் விசைப்படகு கரை திரும்புகிறது.
முகப்பில் ஒரு பதிவு எண்,
பூதக்கண்ணாடி வைத்தால் தெரியும்.
அந்த எண்ணுள்ள படகு மூன்றாவது வருடமாக
அக்கரையில் பாதித் தண்ணீரில் நிற்கிறது,
யார் யார் கையெழுத்துக்கோ.
அதை ஓட்டிய என் மாமு ஐந்தாம் மாதமே வந்துவிட்டார்.
படத்தைப் பார்த்தவர்
அணியத்தில் பச்சை, சிவப்பில்லை என்றார்.
மாற்றினேன்.
எண் ஆட்சேபமென்றால் சொல்லுங்கள், அதையும் மாற்றுகிறேன்.
படகு திரும்புவது உங்கள் கதையிலேயே இருக்கிறது.

பதினோராம் பக்கம் ஈரக்காற்றில் சுருண்டுவிட்டது.
இஸ்திரி வைத்ததில் தாள் படிந்தது,
நட்சத்திர மீனின் ஒரு கை மட்டும் பழுப்பு.
பிடித்திருந்தது, விட்டுவிட்டேன்.

தபால்தலை ஒட்டிய உறை உள்ளே இருக்கிறது,
படங்கள் திரும்பி வர.
நானூறு ஆகிவிட்டதா என்று எண்ணிப் பார்க்கவில்லை.
வாரத்தில் ஆறு நாள் எண்ணுகிறேன்.
இன்று ஞாயிறு.